சரிச்சித்தி எண்ணிய ஒன்பது

"சரிச்சித்தி இன்னும் சொல்லல, கொஞ்சம் பொறுங்க" என்று கூட்டத்திலிருந்து யாரோ போட்டோக்காரரிடம் குரல் கொடுத்தபோதுதான் சின்ன மருமகள் அந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்டாள். அவள் கல்யாண நாள் அது. கையில் பூங்கொத்து கனத்துக்கொண்டிருந்தது. மேடைக்குக் கீழே குள்ளமாக ஒரு அம்மாள் நின்று, வலது கைக் கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு, மேடையில் நின்ற பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். உதடு அசையவில்லை. கண் மட்டும் இடமிருந்து வலம் போய், வலமிருந்து இடம் திரும்பி வந்தது. பிறகு, "சரி" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகவே காத்திருந்ததுபோல மொத்தக் குடும்பமும் பல்லைக் காட்டிற்று.

"அது யாருங்க?" என்று புதுப்பெண் மாப்பிள்ளையிடம் கிசுகிசுத்தாள்.

"எங்கம்மாவோட கடைசித் தங்கச்சி. அவங்க சரின்னு சொல்லாம எங்க வீட்டுல குண்டூசி நகராது."

மாமியாரையும் சேர்த்து உடன்பிறந்தவர்கள் நாலு பேர். மூத்தவர் மாமியார், அவர் போய்ச் சேர்ந்து வருஷம் ஏழாகிறது. அடுத்தவர் கப்பல் வேலைக்குப் போய், போன இடத்திலேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டார். மூன்றாமவர் வாய் ஓயாத பேச்சுக்காரர்; பேசிப் பேசியே சொத்தையும் சொந்தத்தையும் தொலைத்தவர். அவர் பேசித் தீர்த்தது போக மிச்சமிருந்த ஒரே ஒரு சொல்தான் கடைக்குட்டிக்குக் கிடைத்தது என்று வீட்டில் கேலி பேசுவார்கள். அவள் புருஷன் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இரண்டாவது பிரேக்கில் கால் வைத்தபடியே முப்பது வருஷம் கழித்தவர். "வண்டியில பிரேக்கு என் கால்ல. வீட்டுல பிரேக்கு அவ வாயில" என்பார்.

சரிச்சித்திக்கு வேலை பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ஆபரேஷன் தியேட்டரில். வயிற்றைத் திறக்கும் முன்னால் மேஜையில் எத்தனை பஞ்சுத் துணி, எத்தனை கத்தரி, எத்தனை ஊசி என்று எண்ண வேண்டும். தைத்து மூடும் முன்னால் அத்தனையும் திரும்பி வந்ததா என்று மறுபடி எண்ண வேண்டும். அவள் "எண்ணிக்கை சரி" என்று சொன்னால்தான் எப்பேர்ப்பட்ட டாக்டரும் தையல் போடலாம். இருபத்தாறு வருஷம் அப்படி எண்ணியவள். நம்மைப் போல அவள் உலகத்தைப் பார்ப்பதில்லை. அவள் கண்ணுக்கு எல்லாம் திறந்த வயிறாகத்தான் தெரியும். எதையாவது உள்ளே விட்டுவிட்டு மூடிவிடுவோமோ என்கிற பயம் அவளோடு சோறு தின்னும், அவளோடு பஸ் ஏறும், அவளோடு தூங்கும்.

நகத்தை ரத்தம் தெரிகிற அளவுக்கு ஒட்ட வெட்டியிருப்பாள். கையைக் கழுவினால் துடைக்க மாட்டாள். இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எதையும் தொடாமல், கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு வருவாள். விருந்துக்கு வந்த வீட்டில் முதல் வேலையாகத் தரையோடு தரையாகக் குனிந்து பார்ப்பாள். கோலிக்குண்டு, பொத்தான், உடைந்த பலூன் துண்டு, பொம்மை வண்டியிலிருந்து கழன்ற சின்ன பேட்டரி எதுவானாலும் பொறுக்கி இடுப்புப் பையில் போட்டுக்கொள்வாள். "எல்லாம் தொண்டை அளவு" என்பாள். அவள் வந்துவிட்டுப் போனால் வீடு பெருக்க வேண்டாம் என்பாள் மூத்த மருமகள்.

முதல் இரண்டு வருஷம் சின்ன மருமகளும் சேர்ந்து சிரித்தவள்தான். அவள் ஒரு துணிக்கடையில் ஆடைகளை அளவு குறைத்து, கூட்டித் தைத்துக்கொடுக்கிறவள். ஊசியோடும் கத்தரியோடும் பிழைக்கிறவளுக்குச் சின்னச் சாமான்களைக் கண்டு பயம் வருமா? பிறகு மிளகு பிறந்தாள். நிஜப் பெயர் வேறு. உருவம் சிறுத்து, குணம் காரமாக இருந்ததால் பிறந்த மாதமே அந்தப் பெயர் விழுந்துவிட்டது. பிள்ளை தவழத் தொடங்கியதும் சரிச்சித்தியின் பயம் சின்ன மருமகளுக்கும் ஒட்டிக்கொண்டது. ராத்திரி எழுந்து மூக்கருகே கை வைத்துப் பார்ப்பாள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் அடுப்பை விட்டு ஓடுவாள். வருஷத்துக்கு ஒருமுறை, கிறிஸ்துமஸுக்குப் பெரியவர் வீட்டில் எல்லோரும் கூடும்போதுதான் அவளுக்கு அந்தப் பயத்தை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைக்கும். அங்கே சரிச்சித்தி இருப்பாள். மணிக்கு ஒருதரம் எண்ணுவாள். அவள் "சரி" என்றால் நெஞ்சுக்குள் ஒரு முடிச்சு அவிழும்.

பெரியவர் என்பது அவள் புருஷனின் மூத்த அண்ணன். அச்சகம் வைத்திருப்பவர். அவருக்குப் பிள்ளைகள் மூன்று. நடுவனுக்கு இரட்டையோடு சேர்த்து மூன்று. நாத்தனாருக்கு இரண்டு. சின்னவனுக்கு மிளகு ஒன்று. ஆக ஒன்பது. எட்டு வயதுக்கு மேலே ஒன்றும் இல்லை.

நான் சொல்ல வந்தது இரண்டு வருஷத்துக்கு முந்திய கிறிஸ்துமஸ். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பகல்.

சின்ன மருமகள் அந்த வருஷம் ஒன்பது பிள்ளைகளுக்கும் ஒரே வெல்வெட் துணியில் சிவப்புத் தொப்பி தைத்துக் கொண்டுவந்திருந்தாள். தைக்கிற கை துணியை வீணாக்காது. மிச்சத்தில் பத்தாவதாக ஒன்றும் தைத்துப் பையில் வைத்திருந்தாள். வீடு எள் போட்டால் எள் விழாத கூட்டம். கூடத்தில் பெரியவர் புதுசாக வாங்கிய மரத்தைப் பிரித்து நிறுத்தினார். ஆள் உயரம். மரம் வந்த அட்டைப்பெட்டி அதைவிட நீளம். மரத்தை விட்டுவிட்டுப் பிள்ளைகள் பெட்டிக்குள் ஏறிக்கொண்டன. "கப்பல் கிளம்புது, யாரு வர்றா?" என்று ஒரே கூச்சல். அப்புறம் யாரோ ஊஞ்சல் என்றார்கள். கப்பலைக் கைவிட்டுவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினார்கள்.

மறுநாள் லீவு என்பதால் குப்பை லாரி அன்றைக்கே வரும் என்று தெருவில் சொல்லியிருந்தார்கள். பெரியவருக்குக் கூடம் சுத்தமாக இருக்க வேண்டும். உள்ளே குவிந்துகிடந்த தெர்மோகோலோடு பெட்டியின் மூடியை மடித்தார், கயிறு போட்டு இறுக்கினார். அச்சகத்துக் கட்டு என்றால் சும்மாவா? யானை கட்டி இழுத்தாலும் அவிழாது. இழுத்துக்கொண்டுபோய்க் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வந்தார்.

பின்வாசலில் பக்கத்து வீட்டு வாத்தியாரம்மாவின் மகள் வந்து நின்றது. நாலு வயது. மற்ற பிள்ளைகளின் தலையையே ஏக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. சின்ன மருமகளுக்கு மனசு கேட்கவில்லை. பையிலிருந்து பத்தாவது தொப்பியை எடுத்து அதன் தலையில் கவிழ்த்து, "போ, போய் விளையாடு" என்று அனுப்பிவிட்டுக் கேக்குக்குக் கிரீம் தடவ உட்கார்ந்தாள்.

பன்னிரண்டரைக்கு மூத்த மருமகள் சமையலறையிலிருந்து கத்தினாள். "எண்ணிருங்க சித்தி, சோறு போடப்போறேன்!"

சரிச்சித்தி அப்போது மாடிப்படியில் நின்று, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் விளக்குச் சரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே கீழே பார்த்தாள். கூடத்தில் பாய் விரித்து இரண்டு வரிசையாகச் சிவப்புத் தொப்பிகள் உட்கார்ந்திருந்தன. கட்டைவிரல் கணுக்களைத் தொட்டது. இடமிருந்து வலம். வலமிருந்து இடம்.

"ஒன்பது. சரி."

சின்ன மருமகளுக்குச் சமையலறையில் அந்தச் சொல் காதில் விழுந்தது. வழக்கம்போல அந்த முடிச்சு அவிழ்ந்தது. நிதானமாகக் கையைக் கழுவிக்கொண்டு, மிளகுக்கென்று வைத்திருக்கும் சின்னக் கரண்டியோடு கூடத்துக்கு வந்தாள். முதல் வரிசையில் பார்த்தாள். இரண்டாம் வரிசையில் பார்த்தாள். கடைசியில் மிளகின் தட்டுக்கு முன்னால் பக்கத்து வீட்டுப் பிள்ளை உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தது.

"மிளகு எங்க?"

"இங்கதான் இருப்பா" என்றான் அவள் புருஷன், தலையைத் தூக்காமல்.

"இல்லையே. எங்க அவ?"

"இப்பத்தானே சித்தி எண்ணினாங்க? அவங்க எண்ணினா எண்ணினதுதான். நல்லாப் பாரு."

அந்த நிமிஷம் அவளுக்கு வந்த பயம் சாதாரணப் பயமில்லை. பிள்ளை இல்லை என்பதுகூட அப்புறம். வீட்டில் ஒருவரும் தன்னை நம்பப்போவதில்லை என்பதுதான் முதல் பயம். எண்ணியாகிவிட்டது. சொல்லியாகிவிட்டது. ஒன்பது பேர் இருக்கிறார்கள் என்று முப்பது பேர் நம்புகிறார்கள். இல்லாத பிள்ளை இருக்கிறது என்று முடிவாகிவிட்ட வீட்டில் யார் தேடுவார்கள்?

"இது நம்ம பிள்ளை இல்ல!" என்று அந்தக் குழந்தையின் தொப்பியை உருவிக் காட்டினாள். குரல் கிழிந்துவிட்டது. "பாருங்க! இது நம்ம பிள்ளை இல்ல!"

தட்டுகள் அப்படியே நின்றன. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடினார்கள். ஒருவன் மாடிக்கு, ஒருவன் பின்கட்டுக்கு. "தண்ணித் தொட்டி மூடியிருக்கா?" என்று யாரோ கேட்டுவிட்டார்கள். சின்ன மருமகள் தொட்டிப் பக்கம் ஓடத் திரும்பினாள். காலையில் மிளகுக்கு இருமலுக்காக ஊற்றிய மருந்து ஞாபகம் வந்தது. குடித்தால் தூக்கம் வரும் மருந்து. கூப்பிட்டாலும் குரல் கொடுக்க மாட்டாள். எங்கே விழுந்து கிடந்தாலும் கொடுக்க மாட்டாள்.

"எண்ணிக்கை வரல!"

மாடிப்படியிலிருந்துதான் வந்தது அந்தக் குரல். சரிச்சித்தி அப்படிக் கத்தி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. இரண்டு கையும் கழுவிய கைபோல நெஞ்சுக்கு நேராக நின்றன. "யாரும் நகரக்கூடாது. ஓடறவங்க நில்லுங்க. எதுவும் இந்த வீட்ட விட்டு வெளிய போகக்கூடாது."

"என்ன சித்தி இது, பிள்ளையத் தேடுவமா, நிப்பமா?" என்று நடுவன் சீறினான்.

"நில்லுடா!" என்றாள். நின்றான். "தேடறது அப்புறம். காலையிலேர்ந்து இந்தக் கூடத்துலேர்ந்து என்னென்ன வெளிய போச்சு? கையில எடுத்தவங்க சொல்லுங்க. ஒண்ணொண்ணா."

"ரெண்டு நாற்காலி மாடிக்குப் போச்சு."

"அழுக்குத் துணி மெஷினுக்குப் போச்சு. நான்தான் போட்டேன், ஒண்ணொண்ணா உதறித்தான் போட்டேன் சித்தி."

"தண்ணி கேன் காலி, வாசலுக்கு."

எல்லோரும் பெரியவரைப் பார்த்தார்கள். "நான் ஒண்ணும் எடுக்கலையே" என்றார். பிறகு, "மரம் வந்த பெட்டிய மட்டும்..." என்று இழுத்தார்.

"கனமா இருந்துச்சா?"

"கொஞ்சம். உள்ள பழைய மரத்தோட இரும்புத் தாங்கிய யாரோ போட்டுட்டாங்கன்னு..." அவர் வாசல் பக்கம் திரும்பினார்.

"எங்க வெச்சே?"

அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தெருவில் குப்பை லாரியின் பின்பக்கம் அழுத்துகிற சத்தம் கேட்டது. அது எப்படி இருக்கும் தெரியுமா? முதலில் ஒரு நீண்ட முனகல். அப்புறம் அட்டையெல்லாம் நொறுங்குகிற சத்தம். அப்புறம் ஒன்றும் இருக்காது.

சின்ன மருமகள் எப்படி வாசலைத் தாண்டினாள் என்று அவளுக்கே இன்றுவரை தெரியாது. கேட்டருகே போகும்போது சரிச்சித்தி அவளுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தாறு வயது, முழங்கால் வலிக்கு மாத்திரை தின்கிறவள். லாரி ஆள் பெட்டியின் ஒரு முனையைத் தூக்கி லாரியின் விளிம்பில் சாய்த்திருந்தான். "என்னம்மா, கல்லு வெச்சுக் கட்டியிருக்கீங்களா?" என்று அவன் கேட்டு முடிக்கும் முன்னால் சரிச்சித்தி அந்தப் பெட்டியை அப்படியே இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். கன்னத்தை அட்டையில் வைத்து அழுத்திக்கொண்டாள். "நிறுத்து. நிறுத்து. உள்ள பிள்ளை."

பெட்டியை இறக்கினார்கள். லாரி ஆள் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான்.

"கத்தி வேணாம்!" என்று சரிச்சித்தி அலறினாள். "பிள்ளை எங்க கிடக்குன்னு தெரியாம கத்தி போடாத. கட்டினவன் வரட்டும்."

பெரியவர் வந்து மண்டியிட்டார். முப்பது வருஷம் கட்டுப் போட்ட விரல்கள்; அன்றைக்கு அவிழ்க்கத் தெரியவில்லை. நகம் வழுக்கிற்று. "ஐயோ, வரமாட்டேங்குதே, வரமாட்டேங்குதே" என்று புலம்பினார். சின்ன மருமகள் அட்டையில் காதை வைத்துக் கேட்டாள். அவள் நெஞ்சு அடிப்பதுதான் அவளுக்குக் கேட்டது. ஒரு முடிச்சு. இன்னொரு முடிச்சு. அந்த முடிச்சுகளைப் பற்றி அவளிடம் இன்றைக்குக் கேட்டாலும் ஒரு மணி நேரம் என்றுதான் சொல்வாள். அரை நிமிஷம்தான் இருந்திருக்கும்.

மூடி திறந்தது. உள்ளே நொறுங்கின தெர்மோகோலுக்கு நடுவே மிளகு முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு கிடந்தாள். தொப்பி முகத்தை மூடியிருந்தது. தலைமுடி வியர்வையில் ஒட்டிக்கிடந்தது. அசைவில்லை. பெற்றவள் பிள்ளையைப் பார்க்கவில்லை. சரிச்சித்தியின் உதட்டைப் பார்த்தாள். அந்தச் சொல் வருமா என்று பார்த்தாள். சரிச்சித்தி தொப்பியை விலக்கினாள், மூக்கருகே விரலை வைத்தாள், கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள். சொல் வரவில்லை. உதடு ஒட்டிக்கொண்டிருந்தது.

மிளகு தும்மினாள். கண்ணைத் திறக்காமலேயே, "கப்பல் வந்திருச்சா?" என்றாள்.

லாரி ஆள் நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டான். மூத்தவள் அழுதாள், பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார், நடுவன் சம்பந்தமில்லாமல் டிரைவரைத் திட்டினான். பெற்றவள் பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினாள். அழுகை வரவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள். "சரின்னு சொன்னீங்களே சித்தி."

"சிவப்பத்தான் எண்ணியிருக்கேன்" என்றாள் சரிச்சித்தி. "தியேட்டர்ல ரத்தத்துல நனஞ்ச துணிய எண்ணி எண்ணி... முகத்தப் பாக்கணும்னு தோணவேயில்ல."

சாயங்காலம் மிளகு எழுந்து கேக்குக் கேட்டுச் சண்டை போட்ட பிறகுதான் சின்ன மருமகளுக்கு அடுத்த பயம் வந்தது. அந்தப் பத்தாவது தொப்பி. அதைத் தைத்தது யார்? தலையில் வைத்தது யார்? துணி மடிக்கிற சாக்கில் சரிச்சித்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொல்லிவிட்டாள். திட்டு விழும் என்று எதிர்பார்த்தாள். சரிச்சித்தி ஒரு சட்டையை மடித்துவைத்துவிட்டுச் சொன்னாள்: "புதுசா ஒரு துணி மேஜைக்கு வந்தா, சத்தமா சொல்லிட்டுத்தாம்மா எடுப்பாங்க. உனக்கு அது எப்படித் தெரியும்? உன்மேல தப்பில்ல." அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டே, "ஆனா அடுத்த தரம் சொல்லு" என்றாள்.

அதற்கப்புறம் சின்ன மருமகள் ஒரே துணியில் இரண்டு தொப்பி தைப்பதில்லை. சரிச்சித்தி ஆஸ்பத்திரியில் இன்னும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறாள். அடுத்த வருஷம் ஓய்வு. அங்கே சத்தமாகச் சொல்கிறாளாம். வீட்டில் மட்டும் அந்தச் சொல் அவள் வாயில் வருவதில்லை. போன வருஷம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த குடும்பம் பழக்கதோஷத்தில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் கை வைக்காமலே இருந்தது. அவள் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக நடந்தாள். முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் போய்க் கடைசியில் உட்கார்ந்தாள். "ஏன் சித்தி, பாஸா ஃபெயிலா?" என்று நடுவன் கேட்டான். யாரும் சிரிக்கவில்லை.

இந்த வருஷமும் எல்லோரும் பெரியவர் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். பிள்ளைகள் இப்போது பத்து. நாத்தனாருக்கு மூன்றாவது பிறந்திருக்கிறது. ஐந்து வயது மிளகு மாடிப்படியில் உட்கார்ந்து எல்லோரையும் அதட்டிக்கொண்டிருக்கிறாள். சின்ன மருமகள் சமையலறை வாசலிலிருந்து இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். ஒருதரம் மாடிப்படியை. ஒருதரம் கேட்டை.

சரிச்சித்தி கேட்டுக்கு வெளியேதான் இருக்கிறாள். லாரி வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பெட்டிகள் கிடக்கின்றன. இந்த வீட்டுப் பெட்டிகளை முடித்துவிட்டு அவள் பக்கத்து வீட்டுப் பெட்டிக்குப் போயிருக்கிறாள். குனிந்து, கயிற்றை அவிழ்த்து, கையைத் தோள்வரை உள்ளே விட்டு, அடி அட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.